விதி பதினேழும் என் மாப்பிள்ளையின் முழங்காலும்

அன்று காலை மைதானத்தில் இருந்தவர்களின் பெயர்களை முதலில் எழுதிவிடுகிறேன். பின்னால் வேறு யாரும் 'நானும் அங்கே இருந்தேன்' என்று கதை கட்டக் கூடாது.

ஐக்கியத் தமிழர் கால்பந்துச் சங்கத்தின் தலைவர் திரு. உதயசூரியன். செயலாளர் திரு. தனசேகரன். ஒழுங்குக் குழுத் தலைவர் அமிர்தநாதன், அதாவது நான். துணைத் தலைவர்கள் பதினொரு பேர். அவர்களில் மூவர் தூக்கத்தில் இருந்தார்கள். இணைச் செயலாளர்கள் ஒன்பது பேர். இவர்களோடு காப்பாளர்கள், ஆலோசகர்கள், முன்னாள் தலைவர்கள், முன்னொரு காலத்தில் தலைவராக வந்திருக்க வேண்டியவர்கள். ஆக மொத்தம் நிர்வாகிகள் நாற்பத்து மூன்று பேர். எதிரணியான லத்தாப் பேட்டை அணியின் மேலாளர் நசீர் பாய், அவருடைய ஆட்டக்காரர்கள் பதினொரு பேர். பர்மிய நடுவர் ஊ சோ மின். என் மனைவி செசிலியா, மகள் ஷைலா. எங்கள் அணித்தலைவர் பிரேம்நாத், அவரோடு ஒன்பது பேர். ஆகப் பத்துப் பேர்.

பதினொன்றாவது ஆள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் பெயர் டெக்லன் ஹீலி. அயர்லாந்துக்காரர். என் மாப்பிள்ளை. நாற்பத்து மூன்று நிர்வாகிகளில் அவரும் ஒருவர்.

அவர் நாற்காலிக்கு எப்படி வந்தார் என்பதைச் சொல்ல வேண்டும். ஊரில் பலவிதமாகப் பேசுகிறார்கள்.

என் மகள் அயர்லாந்தில் கார்க் நகரத்தில் நர்ஸாக இருந்தாள். அங்கேயே கல்யாணம் செய்துகொண்டு, பிறகு எங்களுக்குத் தெரிவித்தாள். பையன் கத்தோலிக்கன் என்று கடிதத்தின் முதல் வரியிலேயே எழுதியிருந்தாள். என்னை அறிந்தவள். மாப்பிள்ளை என்ன உத்தியோகம் என்று கேட்டதற்கு, பதினேழு வயதிலிருந்து பந்து விளையாடுகிறார், நடுக்கள ஆட்டக்காரர், பெரிய அணிகள் இல்லை, சின்ன ஊர்களின் அணிகள் என்று பதில் வந்தது. நான் அதைக் கோயிலில் யாரிடமும் படித்துக் காட்டவில்லை.

செசிலியாவுக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை நடந்தபோது இருவரும் யாங்கூனுக்கு, அதாவது எங்கள் பழைய ரங்கூனுக்கு வந்தார்கள். ஒரு வருடம் இருப்பதாக ஏற்பாடு. வந்த மூன்றாம் நாள் மாப்பிள்ளை ரயில் பாதையை ஒட்டி நடந்துபோய் எங்கள் மைதானத்தைக் கண்டுபிடித்துவிட்டார். திரும்பி வரும்போது முழங்கால்வரை சேறு. முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. ஷைலா சொல்லிக்கொடுத்த தமிழில் என்னிடம் சொன்னார்:

"மாமா, நான் இங்கே ஆடுறேன். ஒரு சீசன். அப்புறம் முட்டி முடிஞ்சுது."

ஷைலா விளக்கினாள். "உண்மைதான்ப்பா. வலது முட்டியில ஒண்ணும் மிச்சமில்ல. டாக்டர் சொல்லிட்டார், ஒரே ஒரு சீசன். அடுத்த வருஷம் அந்த முட்டி படி ஏறத்தான் உதவும். அவருக்கு முப்பத்தொன்பது ஆச்சு. கடைசியா ஒரு சீசன் முழுசா ஆடிட்டு நிறுத்தணும்னு ஆசை. வேற எதுவும் கேக்கல."

எளிய ஆசைதான். எங்கள் சங்கத்தில் எளிய ஆசைகளுக்கு நடைமுறை கிடையாது என்பதை அவர் அறிந்திருக்கவில்லை.

மூன்று ஆட்டம் ஆடினார். நன்றாக ஆடினார் என்றுதான் சொல்ல வேண்டும். பந்து அவரிடம் வரும், நிற்காது, தேவையான ஆளிடம் போய்விடும். பிரேம்நாத் அவரை "கோ டெக்லன்" என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிட ஆரம்பித்தான். நெல்சன் என்ற முன்கள ஆட்டக்காரன் ஜென்மத்தில் முதல் தடவையாக இரண்டு கோல் போட்டான். ஆனால் என் நிலையை யோசித்துப் பாருங்கள். என் தகப்பனார் சவரிமுத்து இன்சீன் ரயில்வே பட்டறையில் ஃபோர்மேனாக இருந்தவர், இந்தச் சங்கத்தை நிறுவியவர்களில் ஒருவர். அவர் பெயரில்தான் கிண்ணமே இருக்கிறது. அந்த வீட்டு மாப்பிள்ளை அரைக்கால் சட்டையோடு, லத்தாக் கடைப் பையன்களிடம் தள்ளுப்பட்டு, சேற்றில் விழுந்து எழுந்துகொண்டிருந்தார்.

துணைத் தலைவர்களில் ஒருவர் என் காதருகே குனிந்து கேட்டார்:

"அமிர்தநாதன் அண்ணே, மாப்பிள்ளைக்குப் பதவி ஏதும் இல்லையா? வெறும் ஆட்டக்காரர்தானா?"

'வெறும்' என்ற இடத்தில் குரலைத் தாழ்த்தினார். மரியாதை தெரிந்தவர்.

அடுத்த கூட்டத்திலேயே மாப்பிள்ளையைப் பயிற்சியாளராக நியமிக்கும் தீர்மானத்தை நானே முன்மொழிந்தேன். ஒருமனதாக நிறைவேறியது. மாப்பிள்ளைக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். எல்லோரும் "ஸயா, ஸயா" என்று வாத்தியாரை அழைப்பதுபோல் அழைத்தார்கள். அவரும் சந்தோஷமாகக் கை குலுக்கினார். பயிற்சியாளரும் ஆடலாம் என்று நினைத்துவிட்டார். அவர்கள் நாட்டில் அப்படி உண்டாம்.

மறுநாள் காலை செயலாளர் தனசேகரன் விதிப்புத்தகத்தோடு வீட்டுக்கு வந்தார். விதி பதினேழு: பதவியில் இருப்பவர் எவரும் பந்தைக் காலால் தொடலாகாது.

இந்த விதியை எழுதியவர் என் தகப்பனார். ஒரு தொடக்க ஆட்டத்தில் அன்றைய தலைவர் பந்தைச் சம்பிரதாயமாக உதைக்கப் போய், பந்தை விட்டுவிட்டு, லத்தாக்காரர்கள் அத்தனை பேர் முன்னால் மல்லாக்க விழுந்தார். அன்று மாலையே விதி எழுதப்பட்டது. அதற்குப் பிறகு எங்கள் நிர்வாகி எவரும் மைதானத்தில் விழுந்ததில்லை.

"அப்போ நான் எப்படிச் சொல்லித்தர்றது?" என்று கேட்டார் மாப்பிள்ளை.

"வாயால்" என்றார் தனசேகரன்.

வாயால் சொல்லித்தரும் அளவுக்கு அவரிடம் தமிழும் இல்லை, பர்மியமும் இல்லை. ஒரு வாரம் சைகை காட்டிப் பார்த்தார். பிறகு சந்தைக்குப் போய் ஆறு பம்ளிமாஸ் பழம் வாங்கிவந்து, அவற்றைக் காலால் உருட்டிக் காட்டினார். உள்பாதத்தால் எப்படித் தட்டுவது, வெளிப்பாதத்தால் எப்படி வளைப்பது என்று பையன்கள் கற்றுக்கொண்டார்கள். பயிற்சி முடிந்ததும் பழத்தைத் தின்றார்கள்.

புகார் வந்தது. பம்ளிமாஸ் பந்தா இல்லையா என்று ஆராய மூன்று பேர் கொண்ட குழு அமைக்கப்பட்டது. ஒழுங்குக் குழுத் தலைவர் என்ற முறையில் நான்தான் தலைமை வகித்தேன். சொந்த மாப்பிள்ளை என்பதற்காக நான் சலுகை காட்டவில்லை. நான்கு முறை கூடினோம். உரிக்காத நிலையில் அது பந்தின் தன்மை உடையது, உரித்த நிலையில் பழத்தின் தன்மை உடையது, ஆகவே பயிற்சியாளர் உரித்த பழத்தை உதைக்கத் தடையில்லை என்று அறிக்கை கொடுத்தோம். மாப்பிள்ளை அதை ஷைலாவிடம் மூன்று தடவை மொழிபெயர்க்கச் சொன்னார்.

"உங்க அறிக்கைக்கு முட்டி வலிக்காது" என்றாள் செசிலியா என்னிடம். அவள் கைத்தடியோடு நடந்து பழகிக்கொண்டிருந்த காலம் அது.

இவ்வளவுக்கும் இடையில் அணி தொடர்ந்து நான்கு ஆட்டம் ஜெயித்துவிட்டது. அதுதான் சங்கடம். நான்கு ஆட்டம் ஜெயித்த ஒருவரைப் பயிற்சியாளராகவே வைத்திருப்பது அவருக்குச் செய்யும் அவமரியாதை என்று பொதுவான அபிப்பிராயம் எழுந்தது. மாப்பிள்ளையைத் தொழில்நுட்ப வளர்ச்சிக்கான நிர்வாகத் துணைத் தலைவர் ஆக்கினார்கள். இந்த முறையும் முன்மொழிந்தவன் நானே. மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

அந்த விழாவில் தலைவர் உதயசூரியன் பேசியதை அப்படியே தருகிறேன். குறிப்பேட்டில் இருக்கிறது.

"அன்பர்களே! ஆட்டக்காரர்கள் வருவார்கள், போவார்கள். நாற்காலி நிற்கும். இந்தச் சங்கம் எத்தனையோ ஆட்டங்களில் தோற்றிருக்கலாம். ஆனால் ஒரு கூட்டத்தையாவது ஒத்திவைத்தது உண்டா? பந்து கிழிந்துபோய், புதுப் பந்து இல்லாமல் இருபத்திரண்டு மாதம் இந்தச் சங்கத்தை நடத்திக் காட்டினேன். யாராவது வித்தியாசத்தைக் கண்டுபிடித்தீர்களா? அதுதான் நிர்வாகம்!"

பலத்த கைதட்டல். மாப்பிள்ளையும் தட்டினார். அவருக்குப் புரியவில்லை.

நிர்வாகி ஆனவுடன் அவருக்கு நாற்காலி வந்தது. எங்கள் வழக்கத்தைப் புதியவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு நிர்வாகிக்கும் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று. முதுகில் வெள்ளைப் பெயின்ட்டில் பெயர். நிர்வாகி காலமானாலும் நாற்காலி காலமாவதில்லை. அது முன்வரிசைக்குப் போகும். ஒரு மழைக்காலத்தில் மேற்குக் கரை சேறாகிவிட்டதால் நாற்காலிகளைக் கோட்டுக்கு உள்ளே நகர்த்திப் போட்டோம். மழை நின்றது. நாற்காலிகள் அங்கேயே தங்கிவிட்டன. ஆண்டுதோறும் ஒரு வரிசை கூடியது. மைதானத்தின் மேற்கு ஓரத்தில் பந்து போக வழியில்லாமல் ஆயிற்று. இரண்டாம் பாதியில் அணிகள் பக்கம் மாறுவதால் இரு தரப்புக்கும் நஷ்டம் சமம் என்று தலைவர் தீர்ப்பளித்திருக்கிறார்.

நிர்வாகி ஆட்டக்காரர்களிடம் நேரடியாகப் பேசக் கூடாது. எழுதி, செயலாளர் வழியாக அனுப்ப வேண்டும். "கோல்கீப்பர் முன்னால் வரட்டும்" என்று மாப்பிள்ளை ஓர் ஆட்டத்தின் நடுவே எழுதிக் கொடுத்தார். தனசேகரன் அதைப் பதிவேட்டில் ஏற்றி, எண் இட்டு, முத்திரை குத்தி, அடுத்த வாரம் கோல்கீப்பரிடம் சேர்த்தார். அவன் அந்த வார ஆட்டத்தில் முன்னால் வந்தான். அது முன்னால் வரக் கூடாத ஆட்டம்.

பிறகு அவரிடம் ஆண்டறிக்கை கேட்டார்கள். பாவம், நல்ல மனதோடு எழுதினார். நான்கு ஆட்டக்காரர்களின் பெயரைக் குறிப்பிட்டு, இவர்கள் பிரமாதமாக ஆடுகிறார்கள் என்று பாராட்டியிருந்தார். ஆண்டறிக்கையில் பெயர் சொல்லிப் பாராட்டப்பட்டவரைக் கௌரவிக்காமல் விடுவது எங்கள் வழக்கமில்லை. நான்கு பேரும் நிர்வாகிகள் ஆனார்கள். நான்கு நாற்காலிகள் வந்தன. அணியில் மாற்று ஆட்டக்காரர்களையும் சேர்த்துப் பத்துப் பேர் மிஞ்சினார்கள்.

அன்று மாலை மாப்பிள்ளை என் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"மாமா, இங்கே நல்லா ஆடினா வெளியே. மோசமா ஆடினா உள்ளே."

"வெளியே இல்லை, மேலே" என்று திருத்தினேன்.

"நான் மேலே வேண்டாம். நான் நடு. எப்பவும் நடு." முழங்காலைத் தட்டிக் காட்டினார். "இது போகுது, மாமா. நாற்காலியில உக்காந்தே போகுது."

நம் குடும்பத்தில் யாரும் பதவியை ராஜினாமா செய்ததில்லை என்று சொன்னேன். என் தகப்பனார் பொருளாளராகவே கண்ணை மூடினார். நான் இருபத்தாறு வருடமாக ஒழுங்குக் குழுவில் இருக்கிறேன். அவர் தலையை ஆட்டிவிட்டு எழுந்து போனார். நொண்டினார் என்று ஷைலா சொன்னாள். நான் கவனிக்கவில்லை.

இனி அன்று காலைக்கு வருகிறேன்.

சவரிமுத்து நினைவுக் கிண்ணத்துக்காக எங்களுக்கும் லத்தா அணிக்கும் ஆண்டுக்கு ஒரு ஆட்டம். கிண்ணம் பல வருடமாக எங்கள் அலமாரியில்தான் இருக்கிறது. அதில் கடைசி ஆறு வருடம் ஆட்டம் நடக்கவில்லை என்பது உண்மை. ஆட்டம் சமனில் முடிந்தால் வைத்திருப்பவரிடமே கிண்ணம் இருக்கும் என்பதும் விதி.

எட்டு மணிக்குத் தொடங்க வேண்டிய ஆட்டம் ஒன்பதேகாலுக்குத் தொடங்கியது. வரவேற்புரை, வரவேற்புரைக்கு நன்றியுரை, நன்றியுரையை வழிமொழிதல். மின்சாரம் இல்லாததால் ஒலிபெருக்கியை பேட்டரியில் ஓட்டினார்கள். பேட்டரி நல்ல பேட்டரி. நடுவர் ஊ சோ மின் இரண்டு முறை கடிகாரத்தைத் தட்டிக் காட்டி, பதினோரு மணிக்கு மைதானம் வேறு அணிக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது என்று பர்மியத்தில் சொன்னார். தலைவர் அதை வாழ்த்துச் செய்தியாக எடுத்துக்கொண்டு கைகூப்பினார்.

பத்துப் பேரோடு ஆடினோம். முதல் பாதியில் லத்தா ஒரு கோல். இரண்டாம் பாதி நடுவில் எங்கள் பின்களப் பையன் ஒருவன் கணுக்கால் பிசகி உட்கார்ந்தான். ஒன்பது பேர்.

நசீர் பாய் எங்கள் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "என்ன அமிர்தநாதன் அண்ணே, ஆள் ஒன்பது, நாற்காலி அறுபதுக்கு மேல இருக்கும் போல. நாற்காலியை இறக்குங்க! எங்க பசங்க நாற்காலியோட ஆடினதே இல்ல, திணறிப்போயிடுவாங்க!"

லத்தா பக்கம் சிரிப்பு. என் தகப்பனாரின் கிண்ணம் மேசைமேல் இருந்தது. ரயில் ஒன்று போனது.

அப்போது மாப்பிள்ளை எழுந்தார். தோளில் இருந்த பொன்னாடையை மடித்து நாற்காலிமேல் வைத்தார். நேராகத் தலைவரிடம் போய், ஷைலாவிடம் கேட்டு மனப்பாடம் செய்திருந்த வாக்கியத்தைச் சொன்னார்:

"என் பதவியை ராஜினாமா செய்கிறேன். தயவுசெய்து ஏற்றுக்கொள்ளவும்."

பிரேம்நாத் கோட்டருகே ஓடிவந்தான். "சீக்கிரம் தலைவரே! பதினஞ்சு நிமிஷந்தான் இருக்கு!"

"தம்பி, அவசரப்பட்டால் அது சங்கம் ஆகாது" என்றார் உதயசூரியன். தனசேகரன் புத்தகத்தைப் புரட்டினார். ராஜினாமாவை ஏற்க நிர்வாகக் குழு கூட வேண்டும். இருபத்திரண்டு கைகள் உயர வேண்டும். குழு அங்கேயே கூடியது. எல்லோரும் உட்கார்ந்தே இருந்ததால் கூடுவதில் சிரமம் இல்லை. எங்களுக்கு முன்னால் லத்தாக்காரர்கள் கோல்கம்பத்தில் ஒரு பந்தை அடித்தார்கள்.

ராஜினாமா ஏற்கப்பட்டால் பிரிவுபசாரத் தேநீர் உண்டு என்று யாரோ நினைவூட்டினார்கள். கைகள் உயர்ந்தன. தனசேகரன் எண்ணினார். மறுபடி எண்ணினார்.

"இருபத்தொன்று. தீர்மானம் தோல்வி அடைகிற நிலையில் இருக்கிறது."

தூங்கிக்கொண்டிருந்த மூவரை எழுப்பக் கூடாது என்பதும் ஒரு விதி. மற்றவர்கள் தலைவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை யாரையும் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். என் கைகள் மடியில் இருந்தன.

"அப்பா" என்றாள் ஷைலா, பின்னால் நின்று. "அவர் காலைப் பாருங்க."

பார்த்தேன். இடுப்பில் கைலிபோல் கட்டியிருந்த பர்மிய லோஞ்சிக்குக் கீழே பந்தாட்ட பூட்ஸ். வார் இறுக்கிக் கட்டியிருந்தது. லோஞ்சியை அவிழ்த்துத் தோளில் போட்டால் உள்ளே அரைக்கால் சட்டை.

"இன்னைக்கு மட்டும் இல்லப்பா. நிர்வாகி ஆன நாள்லேர்ந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இதைப் போட்டுக்கிட்டுத்தான் அந்த நாற்காலியில உக்காந்திருக்கார். யாராவது கூப்பிடுவாங்கன்னு."

செசிலியா கைத்தடியைத் தரையில் ஒருமுறை ஊன்றினாள்.

நான் கையை உயர்த்தினேன். வெயில் கண்ணில் பட்டதால் கையைத் தூக்கினார் என்று ஒரு பேச்சு இருக்கிறது. அன்று என் நாற்காலி வாகை மர நிழலில் இருந்தது. அங்கே வெயில் வராது.

"இருபத்திரண்டு" என்றார் தனசேகரன்.

மாப்பிள்ளை லோஞ்சியை அவிழ்த்துப் போட்டுவிட்டு ஏற்கெனவே உள்ளே ஓடிக்கொண்டிருந்தார். ஓடினார் என்பது மரியாதைக்காகச் சொல்வது. வலது காலை இழுத்துக்கொண்டு போனார். ஆனால் நடுவில் போய் நின்றதும் மைதானம் அகலமானதுபோல் ஆயிற்று. வந்த பந்தை நிறுத்தாமல் அனுப்பினார். நெல்சன் அது தனக்குத்தான் என்று முன்பே தெரிந்தவன்போல் ஓடினான். பம்ளிமாஸில் கற்ற உள்பாதத் தட்டு. ஒன்றுக்கு ஒன்று.

இதற்கிடையில் தலைவர் பிரிவுபசார உரையைத் தொடங்கியிருந்தார். "டெக்லன் அவர்கள் நம்மை விட்டுப் பிரிவது ஈடுசெய்ய முடியாத இழப்பு. அவர் கடந்த சில மாதங்களாகப் பந்தைத் தொடாமல் ஆற்றிய சேவை..." ஒலிபெருக்கி மைதானம் முழுவதும் கேட்டது. அதே டெக்லன் அவர்கள் அந்த நேரத்தில் ஒரு லத்தாக்காரனின் காலிலிருந்து பந்தைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

பிரிவுபசாரப் பொன்னாடையைக் கூட்டம் கலைவதற்குள் தலைவரே தம் கையால் போர்த்த வேண்டும். கூட்டம் கலையும் நேரம் வந்தது. உதயசூரியன் ஒரு கையில் பொன்னாடையும் மறு கையில் ஒலிவாங்கியுமாக நாற்காலிகளைத் தாண்டி மேற்கு ஓரமாக மைதானத்துக்குள் நடந்தார். கம்பி அவருக்குப் பின்னால் இழுபட்டது.

கடைசி நிமிடம். பந்து மாப்பிள்ளையிடம். எதிரே மூன்று பேர். தலையைத் தூக்கினார், ஒரு கணம் மேற்கே பார்த்தார், அனுப்பினார். தரையோடு ஒட்டி, விரைவாக, சுத்தமாகப் போன பந்து வழியில் ஒரு மேட்டில் பட்டு எழும்பித் தலைவரின் வயிற்றைச் சேர்ந்தது. "ஆகவே" என்ற சொல்லோடு உரை நின்றது. தலைவர் உட்கார்ந்தார். மல்லாக்க விழவில்லை. ஊ சோ மின் ஆட்டத்தை நிறுத்தி, கடிகாரத்தைப் பார்த்து, முடிவுக்கான விசிலை ஊதினார். ஆட்டம் சமன். கிண்ணம் எங்கள் அலமாரிக்கே திரும்பியது. நசீர் பாய் வந்து மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு என் கையையும்.

அடுத்த கூட்டத்தில் இரண்டு முடிவுகள் எடுக்கப்பட்டன. தலைவர் பந்தை வயிற்றால் தொட்டாரே தவிரக் காலால் தொடவில்லை என்பதால் விதி பதினேழு மீறப்படவில்லை. நிர்வாகிகளின் பாதுகாப்பை முன்னிட்டு நாற்காலிகள் கோட்டுக்கு வெளியே நகர்த்தப்படும். மேற்கு ஓரத்தில் இப்போது புல் வளர ஆரம்பித்திருக்கிறது.

மாப்பிள்ளைக்குக் காப்பாளர் பதவி தர முன்வந்தார்கள். முன்மொழியச் சொல்லி என்னிடம் வந்தார்கள். நான் மறுத்தேன். சீசனில் இன்னும் ஐந்து ஆட்டங்கள் இருந்தன. ஐந்திலும் ஆடினார். முட்டி, சொன்னபடி, ஐந்தாவதில் முடிந்தது. என் மாப்பிள்ளை இங்கே எந்தப் பதவியிலும் இல்லை, நடுக்கள ஆட்டக்காரராக இருந்தவர். கேட்பவர்களுக்கு அப்படியே சொல்கிறேன், குரலைத் தாழ்த்தாமல்.

கடைசியாக ஒன்று. மாப்பிள்ளை அன்று வேண்டுமென்றே தலைவரைக் குறிபார்த்து உதைத்தார் என்று டீக்கடைகளில் பேசுகிறார்கள். இது தவறு. அது ஒரு பாஸ். அந்த ஓரத்தில் யாரும் மறிக்காமல் காலியாக நின்ற ஒரே ஆள் தலைவர். அவர் வாங்கவில்லை.